காருக்கு அடியில் ஈரமா? நாமே பார்ப்பதா, கம்பெனி சர்வீஸுக்கு விடுவதா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு ஸ்பேனர் செட், ஒரு ஜாக்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்சம் நேரம். இவ்வளவு உள்ளவர்களுக்காக எழுதியது இது. நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் ஓடும் சாதாரண பெட்ரோல், டீசல் கார்களை மனத்தில் வைத்தே பதில்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யார் சரிசெய்வது என்பது இரண்டாவது கேள்விதான். என்ன ஒழுகுகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதைக் காரின் சொந்தக்காரரே செய்துவிட்டால், பிறகு ஸ்பேனரை யார் பிடித்தாலும் தேவையில்லாத செலவு வராது.

கறையைப் பார்த்தே என்ன ஒழுகுகிறது என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். இரவில் காரை நிறுத்தியதும் இன்ஜினுக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரியுங்கள். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியைப் பிரித்துப் போட்டாலே போதும். முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் காரை நகர்த்திய பிறகு, சொட்டு எந்தப் பாகத்துக்கு நேர் கீழே விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நிறமும் வாசனையும் இல்லாமல், தொட்டால் பிசுபிசுக்காமல் இருந்தால் அது ஏசி தண்ணீர். டேஷ்போர்டுக்கு நேர் கீழே சொட்டும். கடற்கரை ஊர்களில், காற்றில் ஈரம் அதிகமுள்ள மாதங்களில், சின்னக் குட்டை போலவே தேங்கும். அது கோளாறு இல்லை. சொட்டாமல் இருந்து, முன் சீட்டின் கால்மிதி விரிப்பு நனைந்தால்தான் கோளாறு. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

பச்சை, ரோஸ், ஆரஞ்சு, நீலம் என்று ஏதோ ஒரு நிறத்தோடு வழவழப்பாக, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். தெரு நாயோ பூனையோ நக்கினால் செத்துவிடும், அதனால் தரையில் கொட்டினால் உடனே கழுவிவிடுங்கள்.

பழுப்பிலிருந்து கறுப்பு வரை இருந்தால் இன்ஜின் ஆயில். டீசல் காரில் நேற்று மாற்றிய ஆயில்கூட இன்று கறுத்துவிடும், நிறத்தைப் பார்த்துப் பழைய ஆயில் என்று முடிவுகட்ட வேண்டாம். கெட்டியாக, அழுகிய முட்டை போன்ற நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில். சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலோ. ஆனால் இப்போதைய சின்னக் கார்களில் பெரும்பாலும் மோட்டாரில் இயங்கும் ஸ்டீயரிங்தான். அதில் ஆயிலே கிடையாது. "ஸ்டீயரிங் ஆயில் லீக் சார்" என்று யாராவது சொன்னால், உங்கள் காருக்கு அந்த டப்பா இருக்கிறதா என்று முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

வெளிர் மஞ்சள், தண்ணீர் போல மெல்லியது, பெயின்டில் பட்டால் பெயின்டையே உரிக்கும்: அது பிரேக் ஆயில். சக்கரத்தின் உள்பக்கமோ கிளட்ச் பக்கமோ தெரியும். பெட்ரோல், டீசலை மூக்கே சொல்லிவிடும்.

இன்ஜின் முழுக்கப் பிசுக்காக இருக்கிறது. ஒழுகும் இடத்தை எப்படிப் பிடிப்பது?

சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. ஆயில் மேலிருந்து கீழே வழியும். கார் ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரமாக இருப்பதிலேயே உயரமான இடம், அதிலும் முன்பக்கமாக உள்ள இடம்தான் சந்தேகத்துக்குரியது. சேம்பரில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் சொட்டுகிறது என்று சேம்பரைக் கழற்றிப் பேக்கிங் (இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் ஒழுகாமல் அடைப்பது) போட்டுவிட்டு, மேலே இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து வழிந்ததைக் கவனிக்காமல் விட்ட வண்டிகள் எத்தனையோ.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டீகிரீசர் ஸ்பிரே அடித்து, பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். வாட்டர் வாஷ் கன்னை இன்ஜின் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது, கனெக்டருக்குள் தண்ணீர் போனால் புதுத் தலைவலி. காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகப் பவுடரை லேசாகத் தூவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பவுடர் நனைந்த கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. கை நுழையாத இடத்துக்கு போன் கேமராவை விட்டு வீடியோ எடுங்கள். அந்த வீடியோவை அழிக்காதீர்கள், பிறகு பேரம் பேச உதவும்.

எந்த ஒழுக்கு இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது?

பிரேக் ஆயில், பெட்ரோல், டீசல் மூன்றுக்கும் ஒரே பதில்: சாவியைத் தொடாதீர்கள். "பக்கத்துத் தெருதானே, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்" என்பதும் கூடாது. உங்கள் இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று பார்த்து, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கூலன்ட் தாரையாகக் கொட்டினாலும் அப்படியே. இதில் ஒரு பொறி உண்டு. வெப்பமானியின் சென்சார் கூலன்டுக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் மொத்தமாகப் போய்விட்டால் சென்சார் காற்றில் நிற்கும், முள் நடுவிலேயே நிற்கலாம், இறங்கவும் செய்யலாம். இன்ஜின் வெந்துகொண்டிருப்பது தெரியாது. பல கார்களில் இப்போது முள்ளே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட், தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம், இன்ஜினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விடும்.

எந்த வேலைகளை நாமே தைரியமாகச் செய்யலாம்?

நான் பார்ப்பது இரண்டு விஷயம். கை எட்டுமா? தப்பாகச் செய்தால் என்ன ஆகும்? கை எட்டி, தப்பினால் மறுபடி ஒழுகுவதைத் தவிர வேறு ஆபத்து இல்லையென்றால் தாராளமாகச் செய்யலாம்.

ரேடியேட்டர் மூடி அப்படிப்பட்டது. அதில் உள்ள ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்தால் கூலன்ட் வெளியே தள்ளும். ஆறிய இன்ஜினில் மூடியை மாற்ற ஒரு நிமிடம் போதும். வாங்கும்போது பழைய மூடியில் அச்சிட்ட அழுத்த அளவும் புதியதில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஹோஸ் பைப்பில் ஒழுகினால் முதலில் கிளிப்பைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் முறுக்கினால் போதும், ஆனால் ரப்பரை அறுக்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது. ஹோஸ் உப்பியிருந்தாலோ, அழுத்தினால் வெடிப்புத் தெரிந்தாலோ ஹோஸையே மாற்றுங்கள். மாற்றியபின் காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் கூலன்ட் நிறைந்திருந்தும் இன்ஜின் சூடேறும். வண்டியின் மூக்கு சற்று மேடான பக்கம் இருக்குமாறு நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கார் கையேட்டில் சொன்னபடி காற்றை விடுங்கள். ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை அங்கேயே இருங்கள். மறுநாள் காலை ஆறிய நிலையில் மறுபடி அளவு பாருங்கள்.

டிரெயின் போல்ட்டில் சொட்டினால் பெரும்பாலும் வாஷர்தான். செம்பு அல்லது அலுமினிய வாஷர், ஒருமுறை நசுங்கியது நசுங்கியதுதான். ஆயில் மாற்றும்போதெல்லாம் புதியது போட வேண்டும், விலையும் மிகக் குறைவு. அதற்குப் பதிலாக, சொட்டை நிறுத்த போல்ட்டை மேலும் மேலும் முறுக்கி அலுமினியச் சேம்பரின் மரையை அறுத்து வைப்பவர்கள்தான் அதிகம்.

ஆயில் ஃபில்டரில் ஒழுகினால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு அதன்மேல் புதியதை மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு ரப்பர் சேர்ந்தால் கொஞ்ச தூரத்திலேயே பீறிட்டு ஆயில் மொத்தமும் கொட்டிவிடும். புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பேனர் தேவையில்லை.

டேப்பட் கவர் பேக்கிங் மாற்றுவது முதல் தடவை செய்பவருக்கு முடியுமா?

முடியும். ஆயில் கசிவிலேயே அதிகம் வருவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வருடக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்து ரப்பர் பேக்கிங் பிளாஸ்டிக் போல விறைத்துவிடும். அப்போது இன்ஜின் ஹெட்டின் ஓரமாக ஆயில் வழியும். சில பெட்ரோல் இன்ஜின்களில் ஸ்பார்க் பிளக் குழிக்குள்ளேயே ஆயில் தேங்கி, வண்டி இழுக்காமல் திணறும்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடி, இக்னிஷன் காயில்கள், பிரீதர் ஹோஸ் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். காயில் கனெக்டரின் பூட்டு பழைய கார்களில் பொடிப்பொடியாக உடையும், நிதானம் வேண்டும். பானெட்டுக்குள் போட்டோவில் பார்த்ததைவிட இடம் குறைவாக இருக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

கவரின் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் விடும். பழைய பேக்கிங், காய்ந்த சிலிக்கான் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோடு வழியாகவே மறுபடி ஒழுகும். சுரண்டும்போது துகள் உள்ளே விழாமல் துணி போட்டு மறையுங்கள், மூடும் முன் துணியை எடுக்கவும் மறக்காதீர்கள்.

புதுப் பேக்கிங்கைக் கவரின் பள்ளத்தில் உலர்ந்த நிலையிலேயே வையுங்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லாப் பேக்கிங்குக்கும் அனபாண்ட் என்ற சிலிக்கான் பசையைத் தடவுவார்கள். ரப்பர் பேக்கிங்குக்கு அது தேவையில்லை. டைமிங் செயின் கவரும் ஹெட்டும் சேரும் மூலைகளில், கையேடு சொல்லும் இடத்தில், ஒரு பொட்டு மட்டும் வைக்கலாம். அதிகமாகத் தடவினால் பிதுங்கி உள்ளே விழும் துண்டு, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்து இன்ஜினையே சாகடிக்கும்.

முறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக. இவை சின்ன போல்ட்டுகள், பெரும்பாலான கார்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் வரும். உங்கள் காருக்கு உரிய அளவைக் கையேட்டில் பாருங்கள். நீளமான ராட்செட்டைப் பிடித்துத் தம் கட்டி முறுக்கினால் பிளாஸ்டிக் கவர் பிளக்கும், அப்புறம் கவரும் சேர்த்து வாங்க வேண்டியதுதான். பிளக் குழி சீல்களையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில மாதத்தில் மறுபடி ஒழுகினால், பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியேற்றுவது அதுதான். அது அடைத்தால் எத்தனை பேக்கிங் போட்டாலும் அழுத்தம் வேறு வழி தேடிக்கொள்ளும்.

கூலன்ட் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லையே?

இது நாமே முடிக்கும் வேலை இல்லை, ஆனால் நாமே கண்டுபிடிக்கலாம். ஆயில் மூடியின் உள்பக்கமோ, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கோ பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால், சூடான பிறகும் புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், ஹெட்டுக்கு அடியில் உள்ள பேக்கிங்கான ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒருநாள் ஓவர்ஹீட் ஆன வண்டிக்கு இது வருவது சகஜம். காருக்குள் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம், இனிப்பு வாடை, கால்மிதியில் பிசுபிசுப்பு என்றால், காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. வாட்டர் பம்ப்பில் அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் போனால் அதன் வழியாகச் சொட்டட்டும் என்றே வைத்தது. அந்தத் துளையைச் சுற்றிக் காய்ந்த நிறக் கறை இருந்தால் பம்ப்பை மாற்ற வேண்டும். துளையை எம்-சீல் வைத்து அடைக்கக் கூடாது, அப்படி அடைத்தவர்களும் உண்டு!

அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா? மஞ்சள் தூள் போடலாமா?

நடுவழியில் வேறு வழியில்லாமல், இன்ஜின் ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம். அதையே வழக்கமாக்கக் கூடாது. நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் காரையாகப் படியும். வீடு வந்ததும் வடித்துவிட்டு, கம்பெனி சொன்ன கூலன்டை, டிஸ்டில்டு வாட்டரோடு சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். கலந்தே வரும் கூலன்டில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவதும் தப்பு, ஒரே நிறத்தில் வெவ்வேறு வேதிக் கலவைகள் விற்கிறார்கள்.

அம்பாசடர், லாரிக் காலத்தில் ரேடியேட்டர் ஓட்டைக்கு மஞ்சள் தூள், பெட்ரோல் டேங்க் ஓட்டைக்குப் பார் சோப்பு என்று வைத்தியம் இருந்தது. அந்த ரேடியேட்டர்களின் குழாய்கள் அகலம், தகடுகள் தடிமன், கழற்றி ஈயம் வைத்து ஒட்டலாம். இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் மஞ்சள் தூளோ, கடையில் விற்கும் லீக் அடைக்கும் திரவமோ ஓட்டையோடு சேர்த்து நல்ல குழாய்களையும் அடைத்துவிடும். எங்காவது மாட்டிக்கொண்டால் மட்டும், ஊர் வந்து சேர்வதற்காக மட்டும்.

பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. ஊற்றி நிரப்பினால் போதாதா?

பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் அளவு கொஞ்சம் இறங்குவது இயல்புதான். அது ஒழுக்கு இல்லை. பேட் புதிதாக இருந்தும் குறைகிறது, அல்லது சில வாரத்திலேயே சட்டென்று இறங்கியது என்றால் எங்கோ ஒழுகுகிறது. பின் சக்கர டிரம்மின் உள்பக்கம் ஈரம் இருந்தால் வீல் சிலிண்டர். பல கார்களில் கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், அதனால் கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டினால் ஒழுக்கு அந்தப் பக்கம்.

இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. செய்யத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு குமிழி காற்று உள்ளே தங்கினாலும், அது தெரியவருவது அவசரமாகப் பிரேக் மிதிக்கும்போதுதான். ஏபிஎஸ் உள்ள சில கார்களில் காற்றை முழுசாக வெளியேற்ற ஸ்கேனரும் வேண்டும். வெறுமனே நிரப்புவதென்றால் மூடியில் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள், டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 வேறு வகை, சிலிக்கான், அதைக் கலக்கவே கூடாது. இன்ஜின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு துளி விழுந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிப் போகும். திறந்து பல மாதம் ஆன டப்பாவும் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொடைக்கானல் மலையில் இறங்கும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

கம்பெனி சர்வீஸில் ஏன் இவ்வளவு பில் வருகிறது? கொடுக்கும் காசுக்கு ஏதாவது கிடைக்கிறதா?

கிடைக்கிறது, எல்லா வேலைக்கும் அல்ல. கூலிங் சிஸ்டத்தை அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் கருவி, உங்கள் மாடலுக்கே உரிய ஸ்பெஷல் டூல், ஸ்கேனர், அந்த இன்ஜினில் எது வழக்கமாகப் போகும் என்று கம்பெனி அனுப்பும் தொழில்நுட்பக் குறிப்புகள் எல்லாம் அங்கே உண்டு. டைமிங் கவர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ பக்கத்து ஒழுக்கு இவற்றுக்கு நான் அங்கேதான் போகச் சொல்வேன்.

பிரச்சினை வேறு இடத்தில். அங்கே ரிப்பேர் என்பது பெரும்பாலும் செட்டோடு மாற்றுவது. ஐம்பது ரூபாய் ஓ-ரிங்குக்கு முழுப் பாகத்தையும் எஸ்டிமேட்டில் போடுவார்கள். லேபர் தனி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கூடவே இன்ஜின் கிளீனிங், கோட்டிங், ஏசி டிரீட்மென்ட் என்று கேட்காத பொட்டலங்கள். "சொட்டு எங்கிருந்து வருகிறது, காட்டுங்கள்" என்று லிஃப்டில் ஏற்றிய வண்டிக்குக் கீழே போய் நின்று கேளுங்கள். பாகம், லேபர் தனித்தனியாக எழுதிய எஸ்டிமேட் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்த வீடியோ கையில் இருந்தால் அட்வைசரின் பேச்சே மாறும்.

வாரன்டி உள்ள காரில் நானே கை வைத்தால் வாரன்டி போய்விடுமா?

வாரன்டி உள்ள காரில் ஒழுக்கு வந்தால் நீங்கள் ஏன் கை வைக்க வேண்டும்? அவர்கள் செலவில் செய்யட்டும். அதைவிட நல்ல விலை எங்கேயும் கிடைக்காது.

ஆனால் "வெளியே ஒரு தடவை ஆயில் மாற்றினாலே வாரன்டி முழுசாகப் போச்சு" என்று மிரட்டினால் அது சரியல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் தகவல்களையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்ததுதான் குற்றச்சாட்டு. வெளியே ரிப்பேர் செய்தால் வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்று அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே அதைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டரில் சட்டம் பேசி உடனே ஜெயித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பேச்சுக்கு அது பலம், அவ்வளவுதான். நியாயம் கிடைக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாரன்டி முடிய இன்னும் இரண்டு மாதம்தான். இப்போது என்ன செய்வது?

உடனே அட்டை போட்டுப் பாருங்கள். லேசான ஈரம் இருந்தாலும் கொண்டுபோங்கள். "இது நார்மல் சார், கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும்" என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வராமல், ஆயில் கசிவு என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாரன்டிக்குள் எழுத்தில் பதிவான புகார், பிறகு அதே இடத்தில் பெரிதாக ஒழுகும்போது உங்களுக்குச் சாட்சி. வாய்வார்த்தைக்கு அந்த மதிப்பு இல்லை.

தெரு முனை மெக்கானிக்கிடம் விடலாமா?

நாமே செய்வதா, கம்பெனியா என்று கேட்பவர்கள் இந்த மூன்றாவது வழியை மறந்துவிடுகிறார்கள். வாரன்டி முடிந்த காருக்குப் பெரும்பாலான ஒழுக்குகளுக்கு இதுதான் சரியான வழி என்பேன். கிராங்கின் கியர்பாக்ஸ் பக்கத்து ஆயில் சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சீல் விலை சில நூறு ரூபாய்தான், மீதியெல்லாம் லேபர். அங்கேதான் கம்பெனிக்கும் வெளியே செய்வதற்கும் பெரிய வித்தியாசம் வரும். அதே மாடல் வண்டிகள் நாலைந்து எப்போதும் நிற்கும் கடையாகப் பாருங்கள். பாகத்தை நீங்களே வாங்கிக் கொடுத்து, லேபரை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸை எப்படியும் இறக்குகிறார்கள் என்றால் கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், இரண்டு முறை லேபர் கொடுக்க வேண்டாம்.

பாகத்தை எங்கே வாங்குவது?

பேக்கிங், சீல், ஹோஸ், பம்ப் இவற்றை ஒரிஜினலாகவே வாங்குங்கள். மாருதிக்கு மாருதி ஜெனியூன் பார்ட்ஸ் கடைகள், ஹூண்டாய், கியாவுக்கு மோபிஸ் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. சென்னையில் ஜி.பி. ரோட்டில் உதிரி பாகக் கடைகள் வரிசையாக உண்டு. புதுப்பேட்டை பழைய பாகங்களுக்குப் பெயர்போனது. கண்ணாடி, கதவு, பம்பர் அங்கே வாங்கலாம், ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும் பழசாக வாங்குவதில் அர்த்தமில்லை. ஆர்சி நகலை எடுத்துப் போங்கள், சேசிஸ் எண்ணை வைத்துத்தான் சரியான பாக எண்ணைப் பிடிப்பார்கள்.

வேகத்தடையில் அடிபட்டு ஆயில் கொட்டுகிறது. இன்சூரன்ஸ் வருமா?

உடனே இன்ஜினை அணைத்துவிட்டால் வர வாய்ப்புண்டு. சேம்பர் உடைந்தது விபத்துச் சேதம். ஆனால் ஆயில் விளக்கு எரிந்தபிறகும் ஓட்டி இன்ஜின் சீஸ் ஆனால் (இறுகி நின்றுவிட்டால்), அது பின்விளைவுச் சேதம் என்று சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் மறுத்துவிடுவார்கள். இன்ஜின் புரொடெக்ட் கவர் தனியாக எடுத்தவர்களுக்கும் பாலிசி நிபந்தனைகள் உண்டு. நின்ற இடத்திலேயே போட்டோ எடுத்து, அங்கிருந்தே இன்சூரன்ஸுக்குச் சொல்லி, இழுத்துக்கொண்டு போகச் செய்யுங்கள். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத வசதி) இல்லாத பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். சின்ன வேலைக்குக் கிளெய்ம் போட்டு நோ கிளெய்ம் போனஸை இழப்பது சில நேரம் நஷ்டம்.

பழைய கார், மாதத்துக்குச் சில சொட்டு ஆயில்தான். விட்டுவிடலாமா?

விடலாம். சேம்பர் ஓரம் ஈரமாக இருக்கிறது, சொட்டு அதிகரிக்கவில்லை, டிப்ஸ்டிக்கில் அளவு மாறவில்லை என்றால் வாராவாரம் டிப்ஸ்டிக் பார்த்துக்கொண்டு ஓட்டுங்கள். ஆயில் சூடான சைலன்சர் பக்கம் சொட்டுவது, அல்டர்னேட்டர் மேலோ பெல்ட் மேலோ விழுவது மட்டும் விதிவிலக்கு. தீயும் வாடை வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

காருக்கு அடியில் போக ஜாக்கி மட்டும் போதுமா?

போதாது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அடியில் தலையோ கையோ போவதானால் சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, இரண்டு ஜாக் ஸ்டாண்டு நிறுத்திய பிறகுதான். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், அவை சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டு வாங்க மனமில்லையென்றால் மேலேயிருந்து செய்யக்கூடிய வேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வடித்த பழைய ஆயிலையும் கூலன்டையும் என்ன செய்வது?

சாக்கடையிலோ, காலி மனையிலோ ஊற்றக் கூடாது. பயன்படுத்திய ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. பழைய கேனிலேயே ஊற்றி மூடி, ஆயில் மாற்றும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அவர்கள் பேரலில் சேர்த்து மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் விற்கிறார்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கூலன்டைத் தனிக் கேனில் எடுத்துப் போங்கள், ஆயிலோடு கலந்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். தரையில் சிந்திய ஆயிலுக்கு மரத்தூளோ மணலோ போட்டு, அது ஊறியதும் பெருக்கி எடுத்த பிறகு சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்தால் கறை பெரும்பாலும் போய்விடும்.